அவதிக் கோணம்

குருமண்வெளித் துறைக்குப் போகும் ஒழுங்கையில்
கடைசிக் கம்பம் எங்களுடையது.
அதற்கப்பால் ஆறு,
ஆற்றுக்கப்பால் மண்டூர்,
மண்டூருக்கு எங்கள் வேலைத்தாளில் இடமில்லை.

ஏணியில் றிஸ்மின்.
கீழே சுருளைப் பிடித்தபடி நான்.
கறுப்பு உறைக்குள்
தலைமயிர் மொத்தத்தில் ஒரு கண்ணாடி.

விண்ணப்பித்தவர் பரிமளாதேவி,
பௌதிகவியல் ரீச்சர்.
இரவு ஏழு மணி வகுப்புக்கு
முருங்கையில் போனைக் கட்டி
மழையென்றால் குடையையும் கட்டி
ஒளியியலை முடித்தவராம்.
"அவதிக் கோணம் எண்டு சொல்லக்குள்ள
திரை உறைஞ்சிரும் தம்பி,
என்ட வாய் திறந்தபடி.
விடிஞ்சா பிள்ளைகள் அதைப் படமா அனுப்புவாங்க."

கம்பத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில்
அண்ணனுடைய வளவு.
வில்வரெத்தினம் கடப்படியில் நின்றார்,
திறக்கவுமில்லை, சாத்தவுமில்லை.
"தென்னைக்கு மேலால போகக் கூடா.
அந்த ஆகாயமும் உறுதியில இருக்கு."
றிஸ்மின் நிமிர்ந்து பார்த்தான்.
ஒரு கொக்கு
அனுமதி கேட்காமல் கடந்தது.

சரியென்று மதிலைச் சுற்றினோம்.
முப்பத்தெட்டு மீற்றர்
நூற்றுப் பதினொன்றானது.
கறுப்பு முடிந்துபோக
வீட்டுக்குள் போடும் வெள்ளையை ஒட்டினோம்.
கிணற்றடி மூலையில்
மடக்கி ஆணி அடித்தேன்.
அவ்வளவு மடக்கக் கூடாது, தெரியும்.
மூன்று மணி வெயில்,
பின்னால் இன்னும் இரண்டு வீடு.

விடைத்தாள்களை ஒதுக்கிய மேசையில்
இணைக்கும் பெட்டியைத் திறந்தேன்.
சிறு திரையில் இரு முனைகளும் பெரிதாகி
தயங்கித் தயங்கி நெருங்கின.
ஒரு பொறி.
வெட்டிய துணுக்குகளைச்
சோடாப் போத்தலுக்குள் எண்ணிப் போட்டேன்.
"ஒண்டு தாங்களன், வகுப்பில காட்ட."
"கண்ணுக்குத் தெரியாது ரீச்சர்.
கால்ல ஏறினாத்தான் தெரியும்."

கருவி சொன்னது: இழப்பு கூட.
இந்தச் சொல்லுக்கு
எங்கள் பக்கத்தில் படிவங்கள் பல உண்டு.
கடலுக்கு ஒன்று,
கடலுக்கு முந்தியதற்கு மூன்று.
இது டெசிபெல் கணக்கு,
கிராம சேவகரின் கையொப்பம் தேவையில்லை.

பொழுதுபட
சிவப்பு விளக்கைச் செருகினேன்.
கேபிள் முழுக்க இருட்டு.
மூலையில் மட்டும்
யாரோ கிணற்றடியில் நின்று
சுருட்டுப் பிடிப்பதுபோல்.

"ஆரது?"
டோர்ச்சோடு வந்தார் வில்வரெத்தினம்.
ஆளில்லை, வெளிச்சம் என்றேன்.
வளைவு கூடினால் ஒழுகும்.
டோர்ச்சை அணைத்துக் குனிந்தார்.
நீட்டிய விரலில்
நகம் சிவந்தது.
"அவட வெளிச்சம்
என்ட மதில்ல என்னத்துக்கு ஒழுகுது?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து:
"கோணம் பிழைச்சிட்டு எண்டு சொல்லுங்க தம்பி."
இந்தப் பக்கமிருந்து:
"அப்ப நேரா இழுக்கச் சொல்லுங்க தம்பி."
இருவருக்கும் நான் தம்பி.
ஒருவர் சொன்னதை
மற்றவருக்குத் திருப்பிச் சொன்னேன்,
இருவருக்கும் கேட்கிற தூரத்தில்.

கடப்படி திறந்தது.
ஆணிகளைப் பிடுங்கினேன்.
தென்னந்தலைக்கு மேலே
றிஸ்மினின் கைகளுக்கு
அவரே வெளிச்சம் பிடித்தார்.
"தேங்காய் விழுந்து அறுந்தா
நான் பொறுப்பில்ல."
அதையும் திருப்பிச் சொன்னேன்.

வகுப்பு ஏழே முக்காலுக்குத் தொடங்கியது.
யன்னலால் பார்த்தேன்,
அவதிக் கோணம் என்று சொல்லி
வாய் ஒழுங்காக மூடியது.
படிவத்தில்
தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
வளைவு என்று எழுதினேன்.

மண்டூரிலிருந்து கடைசிப் பாதை வந்து சேர்ந்தது.
சைக்கிளை உருட்டி இறங்கியவர்
எங்கள் ஏணியைக் கண்டு நின்றார்.
"அக்கரைக்கு எப்ப தம்பி?"

றிஸ்மின் சுருளைத் தோளில் மாட்டினான்.
மிச்சம் எழுபத்துமூன்று மீற்றர்.
ஆறு
அதைவிட அகலம்.